மூன்றாவது பள்ளத்தி

காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறப்பேன். முந்தின நாளே கிணற்றுத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்திருப்பேன். மீன்தொட்டியிலிருந்து சில செம்பு அள்ளி வெளியே கொட்டிவிட்டு, வாளியிலிருந்து அதே அளவு விடுவேன். கண்ணாடியைப் பழைய வேட்டித் துணியால் துடைப்பேன். புழக்கடைப் பானையில் வடிகட்டிய கொசுப்புழுவைப் போடுவேன். மீன்கள் தின்று முடித்தபின் குளிப்பேன். சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவேன். எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானமும் கணக்கும் நடத்துகிறேன்.

என் மனைவி லீலாபாயை அடக்கம் செய்த மறுநாளும் இதைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்திருந்தவர்கள் ஏதோ சொன்னார்கள். மீனுக்குப் பசிக்கும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்து சில வாரம் கழித்து நினைவு ஆராதனை நடக்கும். அன்று உபதேசியார் எழுந்து, இறந்தவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையைச் சபைக்குச் சொல்லுவார். கடைசிச் சாட்சி என்பார்கள். வாதம் வந்து நாக்கு இழுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பேச்சில்லாமல் கிடந்த ஒரு பெரியவர்கூட, பரலோக வாசல் திறந்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனதாக நான் கேட்டிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

லீலாவின் ஆராதனை வருகிற ஞாயிறு. வியாழன் சாயங்காலம் உபதேசியார் ஞானதாசன் வந்தார். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சாரே, பக்கத்துல நீங்க ஒரு ஆளுதான் இருந்திய. அவ என்ன சொன்னா?"

"பெரிசா ஒண்ணும் சொல்லல்ல."

"சின்னதாச் சொன்னாலும் போரும். நான் விரிச்சுக்கிடுவேன்."

கதவுக்குப் பின்னால் சேலை உரசும் சத்தம் கேட்டது. லீலாவின் தாய் சத்தியபாய் மாமி அங்கே நின்றிருந்தாள்.

"'இயேசுவே' எண்ணு ஒரு சொல்லு? அதாவது உண்டா?"

"யோசிச்சுச் சொல்லுகேன்."

"யோசிக்கதுக்கு இதென்ன கணக்கா?" அவர் குடையை எடுத்துக்கொண்டார். "கிட்டல்லேண்ணா அவ அப்படிச் சொன்னதா நாம வச்சுக்கிடுவோம். மாப்பிள முழங்கால்ல நிண்ணு ஜெபிச்சுக்கிட்டு இருக்கும்போ உயிர் பிரிஞ்சிருக்கு. அதுவே பெரிய சாட்சி. சபை பூரா அதைத்தான் பேசுகு."

நான் முழங்காலில் நின்றது உண்மை. ஜெபிக்கவில்லை. கஞ்சியோடு உள்ளே வந்த மாமி என்னை அந்த நிலையில் கண்டாள். கண்டதை எல்லாரிடமும் சொன்னாள். அவளுக்கு அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கடைசி மாதங்களில் லீலா வேதப்புத்தகத்தைத் திறக்கவில்லை. உபதேசியார் ஜெபிக்க வந்தால் கண்ணை மூடாமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். மகள் விசுவாசத்தை விட்டுவிட்டுப் போனாளோ என்று மாமி பயந்தாள். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுக்களையில் பாத்திரம் விழும் சத்தத்தில் எனக்குத் தெரிந்தது. லீலா சொன்னதை நான் சொன்னால், மாமியிடம் இருக்கும் அந்த முழங்காலும் போய்விடும்.

தொட்டி வந்தது லீலா படுத்த பிறகு. நெஞ்சு நோய். டாக்டர் காற்றும் ஓய்வும் சொன்னார். வேறு மருந்து அவரிடம் இல்லை. கட்டிலை மேற்கு ஜன்னல் பக்கம் நகர்த்தினோம். புத்தகம் பிடித்தால் அவள் கை சோர்ந்தது.

"அசையுகது எதையாவது பாத்துட்டுக் கெடக்கணும்" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பலாமரம் மட்டும் நின்றது. அது எந்தக் காற்றுக்கும் அசையாது.

ஆசாரி தேக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி பொருத்தினார். ஒழுகியது. இராஜாக்கமங்கலத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் சகாயம், வள்ளத்துக்குப் பூசும் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, மூலைகளில் பூசித் தந்தார்.

"தின்னவா சாரே வளக்கிய?"

"பாக்கதுக்கு."

"மீனையா?" அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க ஊருக்கு வாரும். பாத்துப் பாத்துக் கண்ணு புளிச்சுப்போவும்."

முதல் தடவை தோவாளைச் சானல் வாய்க்காலில் துண்டை விரித்துப் பிடித்து, அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்து விட்டேன். அதில் விரல் நீளக் குறவை ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் குறவை மட்டும் இருந்தது. வயிறு உப்பியிருந்தது. லீலா இருமல் வரும்வரை சிரித்தாள்.

"ஒத்த ஆளை வச்சு சபை நடத்துகிய!"

அதன்பிறகு தேர்ந்தெடுக்கத் தொடங்கினேன். கல்லூரியில் மீனை அறுத்துச் செவுளைப் படம் வரைந்திருக்கிறேன். எது எதனோடு வாழும் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒன்றின் வாய்க்குள் போகும் அளவில் இன்னொன்று இருக்கக் கூடாது. எல்லாம் ஒரே உயரத்தில் நீந்தக் கூடாது. மேலே, நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த வயல்மீன்கள். நடுவில் கெண்டைக்குஞ்சுகள். அடியில், மணலுக்குள் முகம் புதைக்கும் அயிரை. அவை ஒன்றையொன்று கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பிற்பகல் வெயில் தொட்டியைக் கடந்து சுவரில் விழும். சுவர் அசையும். கொசுவலை அசையும். அவள் முகத்தின் மேல் பச்சை வெளிச்சம் ஏறி இறங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அறைக்குள் கால் வைத்தால், வீடே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போல இருக்கும். வாய் திறந்தால் குமிழிதான் வரும் என்று தோன்றும். பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடிகாரம் எங்கோ தூரத்தில், கரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில் சொன்னாள்: "மீனெல்லாம் வலைக்குள்ள வந்துட்டு. தலையணைக்கு மேல சுத்திச்சுது. ஒண்ணு என் வளையல் வழியாப் போச்சு."

கனவு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வளையல் அப்போது மணிக்கட்டில் தொளதொளவென்று கிடந்தது. ஒரு மீன் போகலாம்.

பள்ளத்தி கடைசியாக வந்தது. இராஜாக்கமங்கலத்துக்கு அப்பால், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் கிடைக்கும், காசு போல வட்டமான மஞ்சள் மீன். உடம்பில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். சகாயம் மூன்று தந்தார். உப்புக் கலந்த தண்ணீரோடு பானையில் கொண்டுவந்து, நாளுக்குக் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் சேர்த்துப் பழக்கித் தொட்டியில் விட்டேன்.

மூன்றில் இரண்டு ஒரு சோடியாகச் சேர்ந்தன. ஒரு ஓட்டுத்துண்டை வாயால் சுத்தம் செய்து முட்டை ஒட்டின. இரண்டும் மாறிமாறிச் செட்டையால் விசிறின. குஞ்சுகள் புகை போல எழுந்து, சில நாள் தாய் தகப்பன் உடம்பைச் சுற்றி மிதந்தன. பிறகு ஒன்றொன்றாகக் காணாமல் போயின. கெண்டைகள் தின்றிருக்கும். ஆனாலும் சோடி அந்த மூலையை விடவில்லை. மூன்றாவது பள்ளத்தி எங்கே நின்றாலும் வந்து முட்டின. அதன் வால் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. தண்ணீரின் மேல்மட்டத்தில், கண்ணாடி ஓரம், சாய்ந்து நின்றது.

"அவனைப் பாக்க முடியல்ல" என்றாள் லீலா.

எடுத்துப் பானையில் விட்டுக் கட்டிலுக்கடியில் வைத்தேன். தினமும் காலையில் அவள் கையைக் கீழே தொங்கவிட்டுப் பானையின் வாயைத் தொடுவாள். வால் மெதுவாக வளர்ந்தது. பொழியிலேயே கொண்டு விட்டுவிடுகிறேன் என்றேன்.

"அங்க அவனுக்கு யாரு இருக்கா? எல்லாரும் இஞ்சதானே கெடக்காவ."

"கொன்னுபோடும், லீலா."

"கொல்லாம இருக்கதுக்கு வழி பாருங்க. நீங்க படிச்ச ஆளுதானே. குறவைய விட்ட படிப்பு."

நான் பல நாள் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். சோடிக்கு அந்த மீன்மேல் கோபமில்லை. அந்த ஓட்டுத்துண்டு எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும், அவ்வளவுதான். இடம் தெரிந்தது இடம் தெரியாததை அடிக்கிறது. எல்லாருக்குமே இடம் புதிதாக இருந்தால்?

அன்று காலையில் மாமி அடுக்களையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் தோள்வரை கையை விட்டுக் கல், ஓடு, பாசி எல்லாவற்றையும் சொட்டச் சொட்ட வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். வேறுவிதமாக அடுக்கினேன். கலங்கிய தண்ணீரில் எல்லா மீனும் ஒரே கூட்டமாக ஒடுங்கி நின்றன. பானையைச் சரித்து மூன்றாவது பள்ளத்தியை விட்டேன்.

லீலா ஒருக்களித்து, கன்னத்தின் கீழ் கையை வைத்துப் படுத்திருந்தாள். கலங்கல் மெல்ல இறங்கியது. சோடி பழைய மூலைக்குப் போனது. அங்கே வெறும் மணல். திரும்பி வந்தது. மூன்றாவதன் எதிரே செட்டையை விரித்து நின்றது. மூன்றாவது, இடம் மாறிய கல்லின் நிழலுக்குள் போனது. சோடி வேறு பக்கம் ஓட்டுத்துண்டைத் தேடிப் போனது. யாரும் துரத்தவில்லை. வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை, ஆனாலும் அறை பச்சையாக இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவள் ஒன்று சொன்னாள். அதைச் செய்யத்தான் நான் முழங்காலிட்டுக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்று தெரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

சனிக்கிழமை பிற்பகல் மாமி அந்த அறைக்குள் வந்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் அங்கே வந்ததில்லை. மெத்தை எடுத்த கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தாள். மீன்களைப் பார்த்தாள். சுவர் வெளிச்சம் அவள் வெள்ளைச் சேலையில் ஊர்ந்தது.

"இதையா பாத்துட்டுக் கெடந்தா?"

"ஆமா மாமி."

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு." சேலைத் தலைப்பை மடியில் இழுத்துவைத்தாள். "மக்கா, உபதேசியார் நாளைக்கு 'இயேசுவே' எண்ணு அவ சொன்னதாச் சொல்லப்போறாரு. நான் வேண்டாமிண்ணு சொல்லீட்டேன். பெத்தவ நான். அவ சொல்லாததை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அவ வாயில வந்தது நல்லதோ பொல்லாததோ, அதைத் தாரும்."

"பொல்லாதது ஒண்ணுமில்ல."

"பின்ன என்னத்துக்கு ஒளிக்கிய? ஆண்டவரை ஏசினாளா?"

"இல்ல."

"என்னை ஏசினாளா?"

மூன்றாவது பள்ளத்தி கல்லுக்கடியிலிருந்து வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போனது.

"மாமி, நான் அன்னைக்கு ஜெபிக்கல்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் கண்ணால கண்டேனே. முழங்கால்ல நிண்ணிய."

"கையில துணி இருந்துது. தரையைத் தொடச்சிட்டு இருந்தேன்."

"பிள்ள சாவக் கெடக்கும்போ தரையையா தொடச்சிய?"

"அவதான் சொன்னா."

மாமியின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது.

"என்ன சொன்னா? அப்படியே சொல்லும்."

அப்படியே சொன்னேன்.

"'தரையெல்லாம் வெள்ளமாக் கெடக்கு. அம்மை கஞ்சி கொண்டு வாறதுக்கு முன்ன தொடச்சிருங்க, அவளுக்குக் கால் வழுக்கும்.'"