சாய்ந்த கயிறு

வடதுருவக் கடலோர ஊரான உட்கியாக்விக்கில் டெல்பர்ட்டுக்கு வேறு பெயர் விழுந்துவிட்டது: மூட்டைகட்டி. போன வசந்தத்தில் திமிங்கில வேட்டைக்குப் பனி விளிம்பில் கூடாரம் போட்டிருந்தபோது, நீரோட்டம் மாறுகிறது என்று எல்லோரையும் கரைக்குத் துரத்தியவன் அவன்தான். பனி அசையவே இல்லை. அன்று மாலையே பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் அதே இடத்தில் திமிங்கிலம் பிடித்தார்கள். சிரிக்க ஊருக்கு இது போதாதா?

இந்த வருஷமும் காவல் முறை அவனுக்கு வந்தது. மணிக்கொரு தடவை ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். பத்து நாளாக வடகிழக்குக் காற்று கடலைக் கரையிலிருந்து ஒதுக்கி வைத்திருந்தது. ஆழமில்லாத கடல், பனிமேடுகள் தரைதட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தன. காலையில் அந்தக் காற்று அடங்கியது. தென்மேற்குக் காற்று எழுந்தால் தண்ணீர் ஏறும், மேடுகள் மிதக்கும், அப்புறம் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் பனி போகும், மேலே இருக்கிற மனுஷரோடு. அந்தக் காற்று முகத்தில் படுவதற்கு முன்பே அடிநீர் திரும்பிவிடும். அதற்குத்தான் கயிறு: தண்ணீர் சும்மா இருந்தால் நேராகத் தொங்கும், திரும்பினால் சாயும்.

கயிறு கடல்பக்கம் சாய்ந்தது.

"என்ன மாப்ள, மூட்டை கட்டணுமா?" கூடாரத்திலிருந்து லாயிட் கேட்டான். குழுத் தலைவன், டெல்பர்ட்டின் மனைவி யூனிஸுக்கு அண்ணன். உள்ளே இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்த யூனிஸும்கூட.

"நேராத்தான் இருக்கு மச்சான்," என்றான் டெல்பர்ட்.

வாய் தவறி வரவில்லை, தெரிந்தே சொன்னான். கொஞ்சம்தானே சாய்ந்திருக்கிறது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். பாழாய்ப்போன வெட்கம்! ஒரு மணி நேரம் கயிற்றைத் தொடாமல் நின்றான். அடுத்த தடவை குண்டு கையையே பிடித்து இழுத்தது.

கூடாரத்துக்குள் ஓடினான். "கிளம்புங்க! தண்ணி திரும்பிருச்சு!"

"ஆரம்பிச்சிட்டான்யா! இப்பத்தானே நேரா இருக்குன்னே?" என்றான் லாயிட்.

"பொய் சொன்னேன் மச்சான். அப்பவே சாஞ்சுதான் இருந்துச்சு."

லாயிட்டின் முகத்தில் சிரிப்பு செத்தது. யாரும் எதையும் எடுக்கவில்லை. இரண்டு பனி வண்டிகளில் தொற்றிக்கொண்டு பறந்தார்கள். பாதி வழியில் பனி பிளந்து கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. வண்டிகளைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். கடைசியாக டெல்பர்ட் தாண்டும்போது இடைவெளி ஓர் ஆள் நீளம். லாயிட்தான் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டான்.

திரும்பிப் பார்த்தார்கள். கூடாரமும், குளிர்காலம் முழுக்க யூனிஸும் மற்றப் பெண்களும் கடல்நாய்த் தோலில் தைத்த வேட்டைப் படகும் பனியோடு மெல்லப் போய்க்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் அத்தனையும் கரையில் இருந்திருக்கும். அது எல்லோருக்கும் தெரியும்.

யூனிஸ் அழுதாள். டெல்பர்ட் ஓர் அறைக்காகவோ ஒரு கேலிக்காகவோ காத்து நின்றான்.

"நடங்க, டெல்பர்ட்," என்றான் லாயிட்.

ஊர் வந்து சேரும்வரை யாரும் அவனை மூட்டைகட்டி என்று கூப்பிடவில்லை. ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டே நடந்தான்.