நிலுவையில் ஒரு விழுதல்

அந்த வருஷத்து விபத்து நிவாரண நிதி தை மாதக் கடைசியிலேயே தீர்ந்துபோனதால், பிப்ரவரி ஒன்பதுக்குப் பிறகு நடக்கும் சாலை விபத்துகள் எல்லாம் நிதி வரும்வரை பாதியில் நிறுத்தி வைக்கப்படும் என்று நிவாரண ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். முனிரத்தினம் பத்தாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு ஆண்டிக்குட்டை பிரிவு ரோட்டில் அடிபட்டான். ஒரு நாள் முந்தியிருந்தால் அன்றைக்கே விழுந்திருப்பான்.

தக்காளி வேன் ஒன்று பின்னாலிருந்து மோதியது. மொபெட் அப்படியே போய்ச் சாக்கடையில் விழுந்தது, அதற்கு இன்சூரன்ஸ் இருந்தது. முனிரத்தினத்துக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே அவன் மேலே எழும்பி, பதினாலு அடி உயரத்தில், தலை கொஞ்சம் தாழ்ந்து, இடது கையை நீட்டினபடி நின்றுவிட்டான். கடைகளுக்குப் போட எடுத்துப்போன இட்லி மாவு பாக்கெட்டுகளும் அவனைச் சுற்றி நின்றன. வேன்காரர் இறங்கி வந்து மேலே பார்த்தார். மோதினதோடு தன் பங்கு முடிந்ததா என்று அங்கே வந்த போலீஸ்காரரைக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன, காய்கறி மண்டியை எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள்.

முனிரத்தினத்தின் மனைவி மாதம்மாள். வீட்டில் கிரைண்டர் போட்டு மாவு அரைப்பவள் அவள், கொண்டுபோய்ப் போடுபவன் அவன். அவள் மாங்காய் பறிக்கிற தொரட்டிக் கோலை எடுத்துக்கொண்டு வந்து, அதன் நுனியில் தூக்குப் போசியை மாட்டி மூன்று வேளையும் சோறு அனுப்பினாள். மேலே இருந்து பேச முடிந்தது, சாப்பிட முடிந்தது. முதுகு அரித்தால் மட்டும் தொரட்டியால் சொறிந்துவிட வேண்டியிருந்தது. உயரமான பஸ் வந்தால் டிரைவரே ஹாரன் அடித்துவிட்டு ஓரமாக ஒடித்துப் போவார். தாலுகாவில் மொத்தம் இருபத்து மூன்று பேர் அப்படி நின்றார்கள். அடுத்த வளைவில் எஸ்தர் டீச்சர் குடை விரித்தபடியே நின்றிருந்தார். அவர் கணவர் தேவசகாயம் தினமும் சைக்கிளில் வந்து, கீழே நின்று அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார்.

பதினைந்து நாள் கழித்து, பாஸ்புக் நகல் வேண்டும் என்று ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ரேஷன் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். எழுத்தர் குணசீலன் தங்கமான மனுஷன். வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவார், தண்ணீர் கொடுப்பார், தன் பேனாவையே கொடுப்பார். வினையே அந்த நல்ல மனசால்தான் வந்தது. மாதம்மாள் கையெழுத்துப் போடக் குனிந்தபோது படிவத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. விபத்தின் முடிவு என்ற இடத்தில் மரணம் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"சார், இவரு உசுரோட இருக்காருங்களே. காலையில ரெண்டு தோசை சாப்பிட்டாரு."

இப்போது இருப்பதை யார் இல்லை என்றார்கள், எழுதியிருப்பது முடிவு அல்லவா என்றார் குணசீலன். சிராய்ப்பு, எலும்பு முறிவு, மரணம் என்று மூன்று வகை. மூன்றாவதற்குத்தான் தொகை அதிகம். பாவப்பட்ட குடும்பமாயிற்றே, நாலு காசு கூட வரட்டுமே என்று இருபத்து மூன்று பேருக்கும் அதையே போட்டிருந்தார். தேவசகாயம்கூட வந்து கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாராம்.

மாதம்மாள் பேனாவை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்போ இதுல எழுதியிருக்கற மாதிரிதான் விழுவாருங்களா?"

"எழுதியிருக்கற மாதிரிதாம்மா விழணும். இல்லன்னா தணிக்கையில என்னைக் கேப்பாங்க."

ஏப்ரல் ஒன்றாம் தேதி புது நிதி வரும், மரணத்துக்கு முன்னுரிமை, காலை பத்தரைக்கு எல்லோரையும் ஒரே சமயத்தில் விழவிட்டுவிடுவோம் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். கையில் இருந்தது முப்பத்தைந்து நாள். மாதம்மாள் எண்ணிப் பார்த்துவிட்டு, எனக்குச் சிராய்ப்பு போதும், மாற்றி எழுதுங்கள் என்றாள். குணசீலன் இருபத்திரண்டு வருஷ சர்வீசில் தொகையைக் குறைக்கச் சொல்லி ஒருத்தர் வந்து பார்த்ததில்லை. அதற்குப் படிவமும் கிடையாது. கூட்டிக் கேட்பதற்குத்தான் படிவம் இருந்தது. அதை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து நிரப்பிக் கொடுத்தார். இனி டாக்டர் சான்று வேண்டும் என்றார்.

அன்று மத்தியானம் சோற்றை மேலே அனுப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். முனிரத்தினம் வாயில் இருந்ததை விழுங்கினான். இங்கிருந்து பார்த்தால் நம் வீட்டுக் கூரையில் பதினோரு ஓடு உடைந்திருப்பது தெரிகிறது என்றான். பெரிய தொகை வந்தால் கூரையை மாற்றிவிடலாம், கிரைண்டர் இன்னொன்று வாங்கிப் போடலாம், எழுதியது எழுதியபடியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றான். பெருந்தன்மையாம். ஆகாயத்தில் நின்றுகொண்டு பேசினால் எல்லோருக்கும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

"ஓட்டை நான் மாத்திக்கறேன். நீங்க வாயை மூடிட்டு உசுரோட கீழ வந்து சேருங்க."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அவன் மேலே இருந்து பார்ப்பானே என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். ராத்திரி சோறு போனது, ஊறுகாய் போகவில்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா மறுநாளே வந்தார். ஏணி போட்டு ஏறி நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு இறங்கி, செருப்பைக் கழற்றி ரோட்டை ஒரு தடவை காலால் அழுத்திப் பார்த்தார். ஆள் நன்றாக இருக்கிறார், ரோடுதான் சரியில்லை, கீழே தார் இருக்கிறவரைக்கும் என்னால் வேறு மாதிரி எழுத முடியாதம்மா என்றார். ஒளிவு மறைவில்லாத பேச்சு. மாதம்மாளுக்கு அது பிடித்திருந்தது. தாரைத்தானே மாற்ற வேண்டும்?

மணல் கொட்டலாம் என்று நெடுஞ்சாலைக்காரர்களிடம் போனாள். கொட்டக் கூடாது, ஆக்கிரமிப்பு என்றார்கள். மெத்தை? அதுவும் ஆக்கிரமிப்பு. சாக்கு மூட்டை? எழுந்துபோ என்றார்கள். திரும்பி நடந்து வரும்போது, ஒரு கிலோமீட்டர் தள்ளி மாரப்பன் நடுரோட்டில் கொள்ளுக்கொடியைப் பரப்பிக்கொண்டிருந்தார். லாரியும் பஸ்ஸும் ஏறிப் போகப் போகக் காய் வெடித்துக் கொள்ளு உதிரும். மெனக்கெட்டு அடிக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் அறுப்புக் காலத்தில் ரோடு என்றால் களம்தான். நெடுஞ்சாலை ஜீப்பே அதன்மேல் ஏறித்தான் வந்தது. இறங்கி ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. மாதம்மாள் அந்த ஜீப்பையும் பார்த்தாள், கொள்ளையும் பார்த்தாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் தள்ளி எங்க வீட்டுக்காரருக்குக் கீழ பரப்புங்களேன்."

அங்கே வரை யார் சுமப்பது என்றார் மாரப்பன். நான் சுமக்கிறேன் என்றாள். புரட்டிப் போட ஆள்? அதுவும் நான். தூற்ற? நானேதான், கூலி வேண்டாம், ஒரே ஒரு நிபந்தனை, கொள்ளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அடித்த சக்கையை மட்டும் மார்ச் முடிகிறவரைக்கும் இங்கேயே விட்டுவையுங்கள் என்றாள். மாட்டுக்குப் போட வேண்டிய சக்கையாயிற்றே என்று அவர் தலையைச் சொறிந்தார். பிறகு மேலே பார்த்தார். முனிரத்தினம் கும்பிட்டான், ஒற்றைக் கையால்தான் முடிந்தது. மாரப்பன் சம்மதித்தார்.

கூலியில்லாமல் கொள்ளு அடித்துத் தருகிறார்கள் என்ற சேதி நாலு ஊருக்குப் போனது. வண்டி வண்டியாகக் கொடி வந்து இறங்கியது. மாதம்மாள் விடியுமுன்னே மாவை அரைத்துவிட்டு, அதையும் தானே தலையில் சுமந்து கடைகளுக்குப் போட்டுவிட்டு, எட்டு மணிக்குக் கவைக்கோலோடு ரோட்டில் நிற்பாள். புரட்டுவாள், உதறுவாள், தூற்றுவாள். சக்கையைக் கூட்டிக் கூட்டிப் புருஷனுக்கு நேர் கீழே சேர்ப்பாள். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. தூசியில் இருமல் வந்தது. இடுப்பு விட்டுப்போனது. மேலே இருந்து அவன், கிழக்கே கொஞ்சம் மெலிசாக இருக்கிறது, தலை விழுகிற இடத்தில் இன்னும் இரண்டு கட்டு போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு அவன் சொல்வதுதான் சரியாக இருந்தது. அவனுக்குத்தானே எல்லாம் தெரிகிறது.

முழங்கால் உயரம் வந்ததும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் குவியலில் உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு, சான்றில் மரணத்தை அடித்து எலும்பு முறிவு என்று எழுதினார். மாதம்மாளுக்கு அது போதவில்லை. எலும்பு முறிந்தால் யார் மாவு போடுவது? இன்னும் பதினாறு நாள் புரட்டினாள். குவியல் அவள் கழுத்துக்கு வந்தது. டாக்டரம்மா மறுபடி வந்தார். ஏணியின் உச்சிக்குப் போய், பையைக் கூட வந்த கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு, தானே குதித்துப் பார்த்தார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, சிராய்ப்பு என்று எழுதி முத்திரை குத்தினார். இடது முழங்கை என்று இடமும் குறித்தார்.

மார்ச் முப்பதாம் தேதி அந்தச் சான்றோடு ஆபீசுக்கு ஓடினாள். குணசீலன் படித்துப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் படிவத்தைத் திருத்தினார். ஆனால் ஒன்று சொன்னார். சிராய்ப்புக்கு முன்னுரிமை கிடையாது. மரணமெல்லாம் முடிந்து, முறிவெல்லாம் முடிந்து, அப்புறம்தான். தற்போதைய நிதி நிலையில் பதினோரு வருஷம் ஆகும். அதற்குள் கொள்ளுச் சக்கை மக்கி மண்ணாகிவிடும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. தண்ணீர் கொடுத்தார்.

மாதம்மாள் தண்ணீரைக் குடித்தாள். சிராய்ப்புக்கு எவ்வளவு என்று கேட்டாள். எழுநூற்று ஐம்பது ரூபாய்.

"அதை நானே கட்டினா?"

குணசீலன் விதிப்புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். யார் கட்டக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இதுவரை யாரும் கட்டியதுமில்லை. மறுநாள் காலை அவள் கருவூலத்தில் வரிசையில் நின்று, அரசின் விபத்து நிவாரண நிதிக்கு எழுநூற்று ஐம்பது ரூபாய் செலான் கட்டினாள். அது ஒரு சிராய்ப்புக்குத்தான் காணும் என்பதால், அரசு அந்தப் பணத்தை மத்தியானம் இரண்டு மணிக்குச் சிராய்ப்புக்கே ஒதுக்கீடு செய்தது. நாலு மணிக்குக் குணசீலன் முனிரத்தினத்தின் பெயருக்குக் காசோலை எழுதி, அதைக் கொண்டுவந்து குவியலுக்குப் பக்கத்தில் நின்று மாதம்மாளின் கையில் கொடுத்தார். அவள் வாங்கின அதே நிமிஷம் முனிரத்தினம் விழுந்தான்.

முழுசாக உள்ளே போய்விட்டான். குவியல் அசையவில்லை. மாதம்மாள் தோண்டினாள். கவைக்கோல் குத்திவிடும் என்று கையாலேயே தோண்டினாள். முதலில் நீட்டின இடது கை கிடைத்தது, அது அவள் விரலைப் பிடித்தது. இழுத்து வெளியே போட்டதும் முனிரத்தினம் தும்மினான். எழுந்து நின்றான். ஐம்பது நாளாகத் தரையில் ஊன்றாததால் கால் கொஞ்சம் ஆடியது. மாதம்மாள் அவன் தலையைத் தடவினாள், கழுத்தைத் தடவினாள், முதுகில் ஒன்று போட்டாள். ரோடு என்றும் பார்க்காமல் சத்தமாக அழுதாள்.

குணசீலன் அவள் அழுது முடிக்கிறவரைக்கும் காத்திருந்து முழங்கையைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. இப்படி இருந்தால் தணிக்கையில் கேட்பார்களே என்று சங்கடப்பட்டார். மாதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு காய்ந்த கொள்ளுக் குச்சியை எடுத்து, புருஷனின் இடது முழங்கையில் படிவத்தில் இருந்தபடி ஒரு கோடு இழுத்தாள். முனிரத்தினம் ஸ் என்றான். குணசீலன் டிக் அடித்தார். மாவு பாக்கெட்டுகள் மட்டும் மேலேயே நின்றன. அது பொருள் சேதம், வேறு ஆபீஸ்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி பத்தரைக்கு இருபத்திரண்டு பேரும் விழவில்லை. புதுக் கணக்கு வருஷத்துக்கு நிதி வரவில்லை. மாதம்மாளுக்கு அது தெரியாது, வாசலில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுத்தான் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள். போன வருஷம் அந்த நிதிக்குக் கடைசியாகப் பணம் வந்தது அவளிடமிருந்துதான் என்பதால், இனி நிதி இருக்கும் இடம் அவள் வீடுதான் என்று உத்தரவு வந்திருந்தது. குணசீலன் ஆபீஸ் பலகை நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். அவருடைய மேசையும் மின்விசிறியும் தட்டுவண்டியில் வந்து இறங்கின. முனிரத்தினம் கூரைமேல் உட்கார்ந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தான்.

தெருமுனைவரை வரிசை நின்றது. முதலாவதாகத் தேவசகாயம், கையில் மனைவியின் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றார். மாதம்மாள் மாவுக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"டீச்சருக்குக் கீழ என்ன இருக்குதுங்க?"

"தார்தாம்மா."

அவள் குணசீலனின் மேசையைச் சுவரோரமாகத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, கவைக்கோலை எடுத்துக்கொண்டு, மாரப்பன் காட்டில் அடுத்து எள்ளு எப்போது அறுப்பு என்று கேட்கக் கிளம்பினாள்.