உப்புப் போடாத ரசம்

என் கணவர் கண்ணையனுக்கு ரத்தக் கொதிப்பு. சிறுநீரகமும் தளர்ந்துகொண்டு வருகிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், சாப்பாட்டில் உப்பை அடியோடு நிறுத்துங்கள் என்றார் டாக்டர். நிறுத்தினேன். உப்பு ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்தேன். அப்படியும் அந்த மனிதர் முதல் வாய் ரசத்திலேயே நிமிர்ந்து, "உப்பு போட்டியா?" என்று கேட்டார். ஒரு கல்கூடப் போடவில்லை என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. நானே கரண்டியில் எடுத்துக் குடித்துப் பார்த்தேன். கரித்தது.

நெல்லித்தோப்பில் எங்கள் சந்துக்கு வரும் குழாய்த் தண்ணீர் சில வருஷமாகவே இப்படித்தான். குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். உலை வைப்பதும் பருப்பு வேகவைப்பதும் குழாய்த் தண்ணீரில்தான். கேன் தண்ணீரில் சோறு வடிக்க நாங்கள் என்ன ஜமீன் பரம்பரையா?

வீடு வீடாகக் கையெழுத்து வாங்கித் தண்ணீர் ஆபீசில் மனு கொடுத்தேன். உப்பு அதிகமுள்ள தெருக்களுக்கு ஊருக்கு வெளியிலிருந்து நல்ல தண்ணீருக்குப் புதுக் குழாய் கொண்டுவருகிறோம், முதலில் உங்கள் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றார் என்ஜினீயர் விஜயராகவன். ஆள் வந்து தண்ணீர் எடுத்துப் போன நேரத்தில் நான் தையல் கம்பெனியில் வேலையில் இருந்தேன்.

முடிவு கேட்கப் போனபோது விஜயராகவன் சிரித்தார்.

"உங்க தண்ணிக்கு என்னம்மா குறை? உப்பே இல்ல. கேன் தண்ணி மாதிரி இருக்கு. உங்க சந்து லிஸ்ட்ல வராது."

கேன் தண்ணீர் மாதிரி என்று அவர் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டின் முன்பகுதியில் என் நாத்தனார் அமிர்தவல்லி இருக்கிறார், கண்ணையனின் அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பின்பகுதி எங்களுக்கு. அண்ணிக்குத் தனிச் சமையல். சென்னையில் இருக்கும் மகன் பணம் அனுப்புவதால் அவருக்கு எல்லாமே கேன் தண்ணீர்தான். உபசாரத்தில் அண்ணியை மிஞ்ச ஆள் கிடையாது. கரண்ட் கணக்கெடுக்க வருபவரைக்கூட உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காமல் விட மாட்டார்.

"அண்ணி, அந்த ஆளுக்கு எந்தத் தண்ணிய குடுத்தீங்க?"

"அவரு வந்தப்ப கொழா நின்னுபோச்சு. காலைல புடிச்ச கொழா தண்ணி இருந்தா பாட்டில்ல ஊத்துங்கன்னாரு. வீட்டுக்கு வந்த மனுஷன் கையில கரிக்கிற தண்ணியையா குடுப்பாங்க? கேன்லேர்ந்து ஊத்துனேன். அவரும் ஒரு சொம்பு வாங்கிக் குடிச்சிட்டு, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு."

முகத்தில் பெருமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாட்டிலு அவரு குடிக்கவா? சோதிக்க! உங்க மரியாதையால சந்துக்கே பைப்பு இல்லாம போச்சு. ஆபீசுக்கு வந்து, கேன் தண்ணிய குடுத்துட்டேன்னு உங்க வாயால சொல்லுங்க."

"நாலு பேரு எதிர்ல நான் பொய்க்காரின்னு சொல்லிக்கணுமா? மாட்டேன் போ, நிர்மலா."

வாய்ச்சண்டையில் அண்ணியை ஜெயிக்க முடியாது. உள்ளே போய் அன்று வைத்த ரசத்தை ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினேன்.

"உங்க தம்பிக்கு வச்சது. ஒரு கல்லு உப்பு போடல. குடிங்க."

வேண்டாவெறுப்பாக வாங்கி ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"பொய் சொல்லாத. உப்பு போட்டிருக்க."

"பரணை எட்டிப் பாருங்க. ஜாடி அங்கதான் தூசி புடிச்சிக் கெடக்கு."

அண்ணி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே நின்றார்.

"தெனமும் இதையா குடிக்கிறான்?" என்றார். பிறகு, "நாளையிலேர்ந்து என் கேன்லேர்ந்து எடுத்து அவனுக்குச் சமை."

"சமைக்கிறேன். எதிர்வீட்டு குஞ்சம்மாளுக்கு? அவங்க புள்ளைங்களுக்கு? சந்து முழுக்க ஊத்த உங்க கேன் பத்துமா அண்ணி?"



மறுநாள் நான் கிளம்பி வெளியே வந்தால், கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு அண்ணி வாசலில் நிற்கிறார். ஆபீசில் விஜயராகவனின் மேஜைக்கு நேராகப் போனார்.

"சார், தப்பு எம்மேல. வந்தவருக்குக் குடுக்கற நெனப்புல கேன் தண்ணிய ஊத்திட்டேன். மறுபடி ஆள அனுப்புங்க. கொழா வர்ற நேரத்துல வந்து அவரே புடிச்சிக்கட்டும்."

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எடுத்தது எடுத்ததுதான், இனி அடுத்த வருஷம்தான் என்றார் விஜயராகவன். அப்படியானால் அதுவரைக்கும் இங்கேயே இருக்கிறேன் என்று அண்ணி பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு வேளைக்குள் விஜயராகவன் இறங்கி வந்தார்.

முன்பு வந்த அதே ஆள், கன்னியப்பன், காலையில் குழாய் வரும் நேரத்துக்கு வந்தார். தண்ணீரைச் சற்று ஓடவிட்டுப் பாட்டிலில் பிடித்தார். கையோடு கொண்டுவந்த, உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"அன்னிக்கு எடுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. லேப்ல இதப் பார்த்தாங்கன்னா உங்க சந்த லிஸ்ட்ல சேக்காம இருக்க முடியாது."

கண்ணையன் பின்னால் வந்து நின்றிருந்தார்.

கன்னியப்பன் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அன்னிக்குக் குடுத்தீங்களே, அந்த மாதிரி ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா" என்றார்.

அண்ணி உள்ளே போய்ச் சொம்பை எடுத்து வந்தார். காலிச் சொம்பு. நாங்கள் எல்லோரும் பார்க்க அதைக் குழாயடியில் பிடித்தார். நிறைந்ததும் கன்னியப்பனிடம் நீட்டினார்.

மறுக்கத் தெரியாமல் வாங்கி ஒரு வாய் குடித்த கன்னியப்பன், துப்ப இடம் தேடினார்.

"முழுங்குங்க" என்றார் அண்ணி. "என் தம்பி தெனம் முழுங்குறான்."