முகம் தேய்ந்த கடல்தேவன்

நோன்புப் பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. கிண்ணியாவிலிருந்து றஊப் அந்த வெண்கலப் பதக்கத்தைக் கொண்டுவர வேண்டிய முறை இது. ஆனால் றஊப் மௌத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று மாதமாகிவிட்டது. யாரும் வருவார்களா என்று தெரியாமலே இராசநாயகம் விடிந்ததிலிருந்து வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் துறைமுகத்தில் கடலுக்குள் மூழ்கி வேலைசெய்யும் சுழியோடிகளாக இருந்தவர்கள். ஒருமுறை கிரேக்கக் கப்பலொன்றின் அறுந்துபோன நங்கூரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தபோது, கப்டன் மனம் குளிர்ந்து கொடுத்தது அது. ஆள் இரண்டு, பதக்கம் ஒன்று. ஆகவே பெருநாளுக்குப் பெருநாள் கைமாற்றி, வருசத்துக்கு ஒரு வீடு என்று பேசிக்கொண்டார்கள். உள்ளங்கை அகலத்துக்குள் பொசைடன் என்ற கடல்தேவன். கையில் மூன்று முனைச் சூலம், மீன்வால் முளைத்த குதிரைகள், தேருக்குக் கீழே புரளும் அலை. அவன் கோபத்தில் சூலத்தால் குத்தினால் பூமியே ஆடுமாம் என்று கப்டன் கதை சொன்னான். கலங்கல் தண்ணீரில் கையால் பார்த்துப் பழகிய இருவரும் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் விரலால் தடவித் தடவி ரசித்தார்கள். அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இன்றைக்கும் இராசநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மனைவி வள்ளியம்மாவிடம் கிரேக்கக் கதை எடுபடவில்லை.

"சூலம் வைச்சிருக்கிறவர் சிவன்தானே. கோணேசரை எனக்குத் தெரியாதோ?"

சாமித் தட்டில் வைத்து, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்த்தாள். மேடாக நிற்பதுதானே முதலில் தேயும். தேவனுக்கும் முகம் போயிற்று, குதிரைகளுக்கும் போயிற்று. றஊப் அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அதுதான் இராசநாயகத்தை அரித்தது. றஊப்பின் மகள், பழுதாக்கினது போதும், இனி எங்களிடமே இருக்கட்டும் என்றுவிட்டால்? சிநேகிதனோடு மிஞ்சியிருந்த ஒரே தொடுப்பும் அறுந்துவிடும்.

வெயில் ஏறும்போது றஊப்பின் மகள் நஸ்ரியா ஓட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பெருநாளுக்குச் செய்த வட்டிலப்பம், மறு கையில் பதக்கம். பதக்கத்தை வாங்கிய இராசநாயகத்தின் பெருவிரல் தானாகவே அந்த மழுங்கிய இடத்துக்குப் போயிற்று.

"முகத்தையா தேடுறீங்க மாமா?"

அவர் சட்டென்று விரலை எடுத்தார்.

"முகம் இருந்த காலத்தில உம்மா இத வெளியில வைக்க விடமாட்டா. உருவம் இருக்கிற வீட்டுக்கு அல்லாட வானத்து மலக்குமார் வரமாட்டாங்க எண்டு சொல்லுவா. அலுமாரிக்குள்ளதான் கிடந்த. தேஞ்ச பிறகுதான் வாப்பா ஹோலில ஆணி அடிச்சு மாட்டினவர். வாற ஆக்களுக்கெல்லாம் கதை சொல்லுவார். மாமிதான் இதுக்கு வழி பண்ணித் தந்த எண்டு சிரிப்பார்."

குசினி வாசலில் நின்ற வள்ளியம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். இராசநாயகம் அழுதேவிட்டார், மறைக்கவும் இல்லை.

தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது நஸ்ரியா சொன்னாள்:

"ஆணியைக் கழட்டல்ல மாமா. அடுத்த பெருநாளுக்கு நீங்க கொண்டு வாங்க."