சாயிரா கையெழுத்து வைக்கவில்லை

1983 மழைக்காலத்தில் தாராவி நஜ்முன்னிசாவின் வீட்டுக்குச் செத்துப்போன பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஆட்டுத்தோல் விலை இறங்கிக்கொண்டிருந்த சமயம். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் சொத்து வழக்கால் வந்தது. வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் தம்பி கலீலுல்லா, கீழே தோல் கிடங்கும் மேலே ஓர் அறையுமாக இருந்த இடத்தை ஒரு பில்டருக்கு விற்கப் பேசிவிட்டு, விடுதலைப் பத்திரத்தோடும் ஒரு பட்டுப் புடவையோடும் வந்து நின்றான். பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைப்பதும், பதிலுக்குப் பெருநாளன்று பிறந்த வீட்டு வாசல் அவர்களுக்குத் திறந்திருப்பதும் அந்தக் குடும்பத்து முறை. புருஷனை இழந்த நஜ்முன்னிசாவுக்கு அந்த மேல் அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வாசலே விலைபோன பிறகு எது திறந்திருக்கும்?

"புடவை சாயம் போவுமா தம்பி?"

"போவாது லாத்தா, கேரண்டி."

"அப்போ நீயே உடுத்திக்கிட்டுப் போ."

நஜ்முன்னிசா வழக்குப் போட அமர்த்திய மாட்டுங்கா வக்கீல் வானமாமலை சொத்தின் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனார். சொத்துச் சண்டைதான் அந்தக் குடும்பத்தின் குலத்தொழில், தோல் வெறும் உபதொழில் என்பது அவருக்குச் சீக்கிரமே விளங்கியது. தாராவிக் கிடங்கு தூத்துக்குடிக் கிடங்கை விற்று வாங்கியது. அது காயல் தோப்பை விற்று வாங்கியது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு வழக்கு, ஒவ்வொரு வழக்கிலும் முந்தின வழக்கின் நகல் சான்றாக இருந்தது. ஆண்களுக்குப் பெயர் இருந்தது, பெண்களுக்குக் கைநாட்டு மட்டும். ஒரு நகல் வந்து சேர்ந்த அன்றே, அதில் கைநாட்டு வைத்தவள் விரலில் மை காயாமல் படியேறி வந்து பாயில் இடம் பிடித்தாள்.

முதலில் வந்தவள் வாப்பாவின் அக்காள் ஷரீஃபுன்னிசா. புடவைக் கதையைக் கேட்டு, "உனக்காவது பட்டு. என்னைய ஒரு பித்தளைக் குடத்துல முடிச்சுட்டானுவ," என்றாள். பின்னாலேயே அவளுடைய வாப்பாவோடு பிறந்த மாமிகள், அந்த மாமிகளின் மாமிகள். செத்தவர்கள் குழாயடி வரிசையில் குடம் வைக்கலாமா என்று தகராறு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பேராச்சி, "உசிரு இருக்கான்னு பாத்தாடி குழாயில தண்ணி வருது?" என்று கேட்டு அதை முடித்துவைத்தாள்.

மூன்று வருஷம் ஓடியது. அத்தனை பேருக்கும் சோறு பொங்கி, அத்தனை பேரின் பெருமூச்சையும் கேட்டு நஜ்முன்னிசாவுக்கு அலுத்துப்போயிற்று. கையெழுத்து வைத்துவிடுவதென்று வக்கீலிடம் போனாள்.

"கடைசி நகல் இன்னிக்குத்தான் வந்திருக்கு, பாருங்கோ," என்றார் அவர். "காயல் காஜியார் சபையோடது. நானூறு வருஷம் பழசு. அப்போ இங்கிலாந்துல டூடர் ராஜாக்கள் ஆண்டுண்டிருந்தா."

அவள் வீடு திரும்பியபோது படியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சாயிரா என்றாள். விரலில் மை இல்லை.

"நான் வைக்கலை. அண்ணன்மார் மேல பிராது கொடுத்தேன். காஜியார் பொறவு பாக்கலாம்னாரு. இன்னும் பாக்கலை."

நஜ்முன்னிசா கையெழுத்து வைக்கும் எண்ணத்தை விட்டு அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனாள். நீதிபதி சாயிராவை ஏற இறங்கப் பார்த்தார், வயதைக் கேட்டார், எழுதிக்கொண்டார். தீர்ப்பாகாத வழக்கு தீர்ப்பாகாததுதான். அது முடியும்வரை அந்தச் சொத்தின் வழி வந்த எதையும் யாரும் விற்கக் கூடாது, குடியிருப்பவரைக் கிளப்பவும் கூடாது என்று உத்தரவிட்டு வாய்தா போட்டார். பில்டர் பாண்டூப் புறநகர்ப் பக்கம் வேறு இடம் பார்க்கப் போனார்.

அடுத்த பெருநாளன்று கலீலுல்லா வந்தான். வாசல் திறந்துதான் இருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் படியிலேயே நின்றான்.

"டீ கிடைக்குமா லாத்தா?"

நஜ்முன்னிசா அவன் கையில் இரண்டு குடங்களைக் கொடுத்தாள். அவன் போய் வரிசையில் நின்றான்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா சாயிரா சயானில் ரயிலேறிப் போய் வருகிறாள். லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைப்பதில்லை என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை.