பதினாறு மாதிரிப் பல்லும் நாலு கண் ஃபோனும்

பல்லக்கா கைப்பையிலிருந்து ஒரு வரிசைப் பல்லை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்ததும் ஃபோன் கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மனுஷர் அரைமணி நேரமாகத் தொண்டைத் தண்ணீர் வற்ற மெகாபிக்ஸல் புராணம் படித்துக்கொண்டிருந்தவர். காமிராவைச் சோதிக்கப் பூவைப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பார், குழந்தையை எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பார். பையில் பல்லோடு வந்தவளை அன்றுதான் பார்த்தார்.

பயப்பட ஒன்றுமில்லை. அவை பீங்கானில் செய்த மாதிரிப் பற்கள். மொத்தம் பதினாறு, ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒன்றாம் எண் பால் வெள்ளை. பதினாறாம் எண், நாற்பது வருஷம் டீயும் புகையுமாக இருந்தவர் வாயின் நிறம். பல் லேப் நடத்துவது அவள் தொழில், பல்லக்கா என்ற பெயரும் அதில் ஒட்டிக்கொண்டதுதான். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பினால், பீங்கான் பொடியைக் குழைத்துத் தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, உலையில் சுட்டு, போன பல்லுக்குப் பதில் பல் செய்து கொடுப்பாள். கூடமாட ஒத்தாசைக்கு நாத்தனார்.

அந்த நாத்தனார்தான் அவளை இந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். காரணம், பாட்டு டீச்சரின் முன்பல்.

டீச்சருக்கு முன்பல் இரண்டில் ஒன்று உடைந்துபோயிற்று. ஒற்றை முன்பல் செய்வதைப் போல வம்பு பிடித்த வேலை வேறு கிடையாது. ஜோடிப் பல் பக்கத்திலேயே நின்று காட்டிக்கொடுத்துவிடும். டீச்சர் லேப்பில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அப்போது ஃபோனில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் நாலு நாள் வேலை நடக்கும். செய்த முதல் பல் வெளுப்பாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. உதவியாளர் பல்லைப் பொருத்தி, டீச்சர் வாயைத் திறந்ததுதான் தாமதம், நாளுக்கு நாற்பது வாய் பார்ப்பதில் எது உடைந்தது என்பதையே மறந்துவிடுகிற டாக்டர்கூடத் தன் சின்னக் கண்ணாடிக் குச்சியால் அந்தப் பல்லை டொக்கென்று தட்டி, "இதுதானே?" என்றார். அப்புறம் பல்லக்கா பக்கம் திரும்பி, "கண்ணைக் குத்துதும்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற லேப் பார்த்துக்கிறேன்," என்றார்.

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. லேப்புக்கு வரும் வேலையில் பாதிக்குமேல் அவர் அனுப்புவது. டீச்சர் பாடு அதைவிட மோசம். ஒரு மாதமாக வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுகிறார். பாட்டு வகுப்பில் வெறுமனே தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து பல்லக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

நாத்தனார் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்: குற்றம் பழைய ஃபோனுடையது, நல்ல காமிரா உள்ளதாக வாங்கித் தொலை.

கடையில் ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று முதுகில் நாலு கண் வைத்தது. இன்னொன்று இரண்டு கண்ணோடு பார்க்கச் சாதுவாக இருந்தது. பல்லக்கா ஒன்பதாம் எண்ணையும் பத்தாம் எண்ணையும் வெள்ளைத் தாளில் வைத்து இரண்டிலும் படம் எடுத்தாள். இரண்டுமே நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டின. நாலு கண்ணில் பீங்கானின் மயிரிழைக் கீறல்கூடத் தெரிந்தது. நாத்தனாருக்குத் தலை கால் புரியவில்லை, இதையே பில் போடுங்கள் என்று கடைக்காரரை விரட்டினாள்.

பல்லக்கா அசையவில்லை. அவளிடம் ஒரு வியாதி உண்டு. 'ஏன்' என்று ஒன்று மண்டைக்குள் புகுந்துவிட்டால், பதில் கிடைக்கிறவரை குடையும். தன் பழைய ஃபோனையே எடுத்து அதே பல்லைப் படம் பிடித்தாள். அதிலும் ஒன்பது ஒன்பதாகவும், பத்து பத்தாகவுமே வந்தது.

அப்படியானால் பழைய ஃபோன்மேல் பிழை இல்லை. பிழை எங்கே? ஒருவேளை தன் கண்தான் பழுதாகிவிட்டதோ? கண் போனால் இந்தத் தொழிலில் மிச்சம் ஒன்றுமில்லை. கடைக்காரர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வேறு நிறத்தில் உறை காட்டட்டுமா என்று கேட்டார்.

இதற்குள் நாத்தனார் பொறுமை இழந்து, நாலு கண் ஃபோனைத் தன் பக்கம் திருப்பி, விளையாட்டுக்குப் பத்தாம் எண் மாதிரிப் பல்லைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு, ஈயென்று சிரித்து ஒரு செல்ஃபி எடுத்தாள். எடுத்ததை அண்ணியிடம் பெருமையாக நீட்டினாள்.

பல்லக்கா படத்தைப் பார்த்தாள், நாத்தனாரின் வாயைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். வீட்டு மனிதர்களின் பிறந்தநாள் மறந்தாலும் அவர்கள் பல் எண் அவளுக்கு மறக்காது. நாத்தனார் சுத்தமான பதினொன்று. படத்தில் கன்னத்தோரம் இருந்த பல் அச்சு அசலாகப் பத்துதான். ஆனால் வாய்க்குள் இருந்தவை எல்லாம் மூன்றாம் எண் வெள்ளையில் பளபளத்தன.

"கண்ணை மட்டும் கையால மூடிக்கிட்டு இன்னொரு தடவை சிரி," என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"சிரிடீன்னா சிரி."

கண்ணை மூடிச் சிரித்தபோது பல் பதினொன்றாக இருந்தது. கையை எடுத்ததும் மூன்றானது. பழைய ஃபோனிலும் இதே கதை. கடைக்காரருக்குக் கொட்டாவி போன இடம் தெரியவில்லை. இத்தனை வருஷமாக ஃபோன் விற்கிற தனக்கே இது தெரியாதே என்று, மேஜையைச் சுற்றி ஓடிவந்து தன் வாயையும் திறந்து காட்டினார். அவர் பதிமூன்று. ஃபோன் அவரையும் வெளுத்து எடுத்தது.

விஷயம் இவ்வளவுதான். தனிப் பல்லைக் காட்டினால் ஃபோன் நிறத்தை அப்படியே சொல்லும். கண்ணைப் பார்த்து முகம் என்று கண்டுகொண்டால், கேட்காமலே அழகு பண்ணிவிடும். மற்ற லேப்காரர்கள் உதட்டை இழுத்துப் பிடித்து வாயை மட்டும் படம் எடுப்பார்கள். பல்லக்காவுக்கு அது பிடிக்காது. பல் முகத்துக்குப் பொருந்த வேண்டும் என்று முழு முகத்தையும் சிரிக்கும்போதுதான் எடுப்பாள். ஆளைச் சிரிக்கவைக்கவே நாத்தனாரிடம் பத்துப் பன்னிரண்டு ஜோக் தயாராக இருக்கும். தன் வேலையின் தனிச்சிறப்பு என்று எதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளோ, அதுவே அவள் காலை வாரிவிட்டிருந்தது. போன மாதம் பழைய ஃபோன் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளலாமா என்று கேட்டதும், படிக்காமல் சரி என்று அமுக்கியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கண் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நிம்மதியில் அவளுக்குக் கடையிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்காரர் இரண்டு புது ஃபோனிலும் அமைப்புகளைத் தோண்டித் துருவி அழகுபடுத்தலை நிறுத்தினார். பல்லக்கா விடாமல் சோதித்தாள். அப்போதும் இரண்டும் ஓர் எண் குறைத்து வெளுக்கவே செய்தன. இரண்டையும் திருப்பித் தந்துவிட்டாள். நாத்தனார் நாலு கண்ணைத் தனக்கென்று வாங்கிக்கொண்டாள். என் மூஞ்சியைப் பற்றி அது நல்லதாகப் பொய் சொன்னால் உனக்கென்ன அண்ணி என்று கேட்டபடியே பணத்தை எண்ணி வைத்தாள்.

மறுநாள் காலை டீச்சர் லேப் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல வாயைக் கை மூடியிருந்தது. பல்லக்கா சுத்தமான துண்டு ஒன்றை நீட்டினாள்.

"ஒரு மாசமா வாயை மூடிட்டீங்க டீச்சர். இன்னிக்குக் கண்ணை மூடிக்குங்க, வாயைத் திறங்க."

துண்டு நெற்றியிலிருந்து மூக்குவரை இறங்கியது. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியமோ என்னவோ, நாத்தனாரின் இரண்டாவது ஜோக்கிலேயே டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பல்லக்கா பழைய ஃபோனில் படம் எடுத்தாள். ஜோடிப் பல்லுக்கு ஈறோரம் பத்து, நடுவில் ஒன்பது, நுனியில் லேசான சாம்பல் சாயல். முந்தைய இரண்டு முறையும் இவற்றில் ஒன்றுகூட அவள் கண்ணுக்குக் கிடைத்திருக்கவில்லை.

நாலாம் நாள் மாலை டாக்டர் இந்தத் தடவையும் புதுப் பல்லை உதவியாளரிடமே பொருத்தச் சொல்லிவிட்டு, கை கழுவித் திரும்பினார். பல்லக்கா சுவரோரம் நின்றாள். டீச்சர் வாயைத் திறந்தார். டாக்டர் கண்ணாடிக் குச்சியை நீட்டினார், நிறுத்தினார், விளக்கை இழுத்துக் கிட்டே குனிந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, மெதுவாக ஒரு பல்லைத் தட்டினார்.

"இதுதானே? இப்பவும் கொஞ்சம் வெளுப்பாத்தான் தெரியுது."

டீச்சர் குச்சியை ஒதுக்கினார். வாயை மூடக் கையைத் தூக்கவில்லை.

"டாக்டர், அது என்னோட சொந்தப் பல்லு."