போட்டிக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள்

எங்கள் கம்பெனியை விட்டு யாராவது போகிறார்கள் என்றால் என் கணவர் கேக் வாங்கிவிடுவார். வெட்டுவதற்கு முன்னால் ஒரு பேச்சு உண்டு. "இது கம்பெனி இல்ல, குடும்பம். எங்க போனாலும் நீ நம்ம வீட்டுப் பிள்ளை." வீட்டுப் பிள்ளை கேக்கைத் தின்றுவிட்டு, எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் பெரிய கம்பெனிக்குப் போய்விடும். அங்கே சம்பளம் இரண்டு மடங்கு. யாராக இருந்தாலும் போகத்தான் செய்வார்கள்.

பல் டாக்டர்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது எங்கள் தொழில். யார் எப்போது வருகிறார், எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும், எதை அடைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். போன மாதம், நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் கோட் எழுதுபவர் போனார். அவருடைய கேக் பெட்டியைக் குப்பையில் போடுவதற்குள் சுருட்டைமுடியும் ராஜினாமாவை நீட்டிவிட்டார். கோட் எழுதத் தெரிந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். பல்வலிக்காரர்கள் டாக்டர்களைக் கூப்பிடுவதைவிட அதிகமாக டாக்டர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கும் சம்பளம் என்று ஒன்று உண்டு. கம்பெனி தொடங்கியபோது பேருக்கு ஒரு தொகை போட்டார். அது போட்ட இடத்திலேயே நிற்கிறது. ஏற்றச் சொன்னால், "நம்ம காசுதானேம்மா, இந்தப் பாக்கெட்ல இருந்து அந்தப் பாக்கெட்" என்பார். இரண்டு பாக்கெட்டும் அவர் சட்டையில் இருப்பது மட்டும் அவர் கண்ணில் படாது.

இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள், ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். இணையத்தில் என் விவரத்தைப் பார்த்தாளாம். அதில் நான் இன்னும் பழைய ஆஸ்பத்திரி மென்பொருள் வேலையில்தான் இருக்கிறேன். வீட்டுக்காரர் கம்பெனியில் சேர்ந்ததை யார் போய் மெனக்கெட்டு எழுதுவார்கள்?

"மேடம், பல் கிளினிக் சாஃப்ட்வேர்ல ஒரு நல்ல ஓப்பனிங். கம்பெனி பேரு இப்போ சொல்லக்கூடாது" என்றவள், சம்பளத்தை மட்டும் சொன்னாள். என் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இடம் எப்படி?"

"சின்ன இடம்தான். ஆனா குடும்பம் மாதிரியாம் மேடம். வேலைய விட்டுப் போறவங்களக்கூட கேக் வெட்டித்தான் அனுப்புவாங்களாம்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் என் கணவர் கணினியைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கோட் தெரிஞ்சவங்க யாராவது அங்க இருக்காங்களா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"ஒரு அம்மா இருக்காங்களாம். எல்லாமே அவங்களுக்கு அத்துப்படி. அவங்க எங்கயும் போகமாட்டாங்க, அவங்களப் பத்திக் கவலையே இல்லன்னு அந்த சார் சொன்னாரு."

வந்த சிரிப்பு நின்றுவிட்டது. சம்பளத்தையாவது விடலாம். சுவரில் அடித்த ஆணியைப் பற்றிச் சொல்வது போல என்னைப் பற்றி முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார். சுருக்கென்று தைத்தது. நானும் போகக்கூடியவள்தான் என்று இந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நிஜமாகவே போய்விட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"எனக்குச் சம்மதம். ஆனா சம்பளம் இன்னும் கொஞ்சம் ஏத்திக் கேளுங்க. இப்ப இருக்கிற இடத்துல ஏத்தவே மாட்டேங்கிறாங்க. அதுவும் பல் சாஃப்ட்வேர்தான்."

"போட்டிக் கம்பெனியா! சார் துள்ளிக் குதிப்பாரு. இன்டர்வியூ வரைக்கும் உங்க பேரைச் சொல்லமாட்டோம் மேடம். சொன்னா நேரா உங்ககிட்ட பேசி எங்க கமிஷன வெட்டிடுவாங்க."

போனை வைத்த கையோடு நெட்டையைக் கூப்பிட்டு, கண்ணாடிக் கட்டடத்தில் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொன்னேன். "அக்கா, நீங்களா?" என்றவர், சொல்லி வைப்பதாக ஒத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே என் கணவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு ஆளு சிக்கியிருக்கும்மா! போட்டிக் கம்பெனில இருக்காங்களாம். நம்மகிட்ட இருந்து எத்தனை பேரத் தூக்கினானுங்க? இப்ப நாம தூக்குறோம் பாரு!"

"ஏன் அங்க இருந்து வராங்களாம்?"

"சம்பளம் ஏத்த மாட்டானாம். அந்த முதலாளி என்ன ஜென்மமோ!"

"கஞ்சனா இருப்பான்" என்றேன், காய் நறுக்கிக்கொண்டே.

"கஞ்சன் மட்டுமில்ல, முட்டாள். இப்படிப்பட்ட ஆள வெச்சுக்கத் தெரியல பாரேன். ஆனா நான் சொன்னதுக்கு மேல கேக்குறாங்க. அதான் யோசனையா இருக்கு."

"நல்ல ஆளு கிடைக்கிறது குதிரைக்கொம்பு. கேட்டதைக் குடுத்துடுங்க."

"நீ சொன்னா சரிதான்" என்று அங்கேயே ஏஜென்சிக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடத்தில் சமையலறையில் என் போன் அதிர்ந்தது. 'மேடம், சார் ஒத்துக்கிட்டாரு!' சிரிப்புச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை இன்டர்வியூ. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவர், "நீயும் வந்து உக்காரும்மா, டெக்னிக்கலா நீதான் கேள்வி கேக்கணும்" என்றார். கட்டாயம் வருகிறேன் என்றேன். சொன்ன நேரத்துக்குக் கதவைத் தட்டி உள்ளே போய், அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"அங்க ஏன் உக்கார்ற? இந்தப் பக்கம் வா. அந்தம்மா வர்ற நேரம்."

"வந்தாச்சு சார்" என்று என் பயோடேட்டாவை மேசைமேல் வைத்தேன்.

காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அப்ப அந்த முதலாளி..."

"கஞ்சன் சார். முட்டாள்னும் ஒருத்தர் சொன்னாரு."

ஒரு நிமிடம் பேந்தப் பேந்த விழித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். என்ன ஆயிற்றோ என்று, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் டெஸ்டர் வந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும்தான் அவர் சிரிப்பு அடங்கியது.

"விளையாட்டுதானேம்மா?"

"இல்லங்க. நான் எங்கயும் போகமாட்டேன்னு சொன்னீங்களாமே. எதிர்க் கட்டடத்துல இன்னைக்கு மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அவர் இழுப்பறையிலிருந்து அப்பாயின்ட்மென்ட் கடிதத்தை எடுத்தார். பெயருக்கு மட்டும் இடம் விட்டு அடித்து வைத்திருந்தார். அதில் என் பெயரை எழுதினார். சம்பளத்தில் கை வைக்கவே இல்லை. "சொந்தப் பொண்டாட்டிய வேலைக்கு எடுக்க கமிஷன் அழப்போற ஆளு நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

நான் கடிதத்தைத் திருப்பிப் படித்தேன். "வேலையை விடறதா இருந்தா மூணு மாசம் முன்னாடி சொல்லணும்னு இருக்கு. ஒரு மாசம்னு மாத்துங்க."

பேனா நின்றுவிட்டது. பணத்துக்கு யோசிக்காதவர் இதற்கு யோசித்தார்.

"ஒரு மாசத்துல உன் இடத்துக்கு நான் யாரம்மா தேடுவேன்?"

எத்தனையோ பேர் போனபோதும் அவர் முகத்தில் அந்தப் பயத்தை நான் பார்த்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் இருந்தேன். அவர் மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"மூணு மணிக்கு அங்க போவியா?" குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் அவசரமாக எழுந்து வந்து எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். டீ வேண்டுமா என்று கேட்டார். அப்புறம் என் நாற்காலி இடுப்புக்குச் சரியாக இருக்கிறதா, புதிதாக வாங்கலாமா என்று கேட்டார். கையெழுத்துப் போடத்தான் போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரியும். மூன்று மணி வரைக்கும் அதை அவரிடம் சொல்வதாக இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு காலைப்பொழுது எனக்கு வாய்த்ததே இல்லை.